முந்நூற்று நாற்பது ஆல்பங்கள், இரண்டு காதுகள்

2024 பிப்ரவரி முதல் 2025 மார்ச் வரை பதினான்கு மாதம், சொந்தக் காசில் ஆல்பம் வெளியிடும் நாட்டார், கன்ட்ரி (அமெரிக்கக் கிராமியப் பாணிப் பாட்டு), பங்க் (வேகமும் இரைச்சலும் கூடிய ராக்) இசைக்கலைஞர்களின் புதிய ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதினேன். என்னிடம் வந்து சேர்ந்தவை 340. நான் எழுதி முடித்தவை 61. கையை விட்டுப் போன பணம் 1,810 டாலர். வலது காதில் வந்து குடியேறிய இரைச்சல் இன்றுவரை போகவில்லை. இந்த வேலையில் இறங்கியபோது என்னை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்ல ஒருவரும் இல்லை. தமிழ் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இப்போது இதே வேலையில் இறங்கப்போவதாகச் சொன்னார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் சிகாகோவுக்கு வந்தது 2011இல், ஒரு மருத்துவமனையின் பில்லிங் வேலைக்கு. மதுரையில் அம்மா வீணை வாசிப்பார். எனக்கு அது படியவில்லை. இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில், வீட்டுக்குள் அடைந்துகிடக்க முடியாமல், லிங்கன் அவென்யூவில் இருக்கும் ஓல்டு டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக்கில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் வகுப்பில் சேர்ந்தேன். 1957இல் தொடங்கிய பள்ளி அது. பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மற்ற நான்கையும்விடக் குட்டை. கழுத்தின் நடுவில் தனி முறுக்காணியிலிருந்து கிளம்பும். பாட்டு எங்கே போனாலும் கட்டைவிரல் திரும்பத் திரும்ப அந்தத் தந்தியைத் தொடும். ஒரே சுரம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். அம்மா சுண்டுவிரலால் மீட்டும் தாளத் தந்திகள் நினைவுக்கு வந்து, முதல் வகுப்பிலேயே கண் கலங்கிவிட்டது.

பங்க் இசையையும் இந்த ஊர்தான் அறிமுகப்படுத்தியது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு கன்ட்ரியும் பங்க்கும் ஏழாம் பொருத்தம் என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. எங்கள் இலினாய் மாநிலத்தின் பெல்வில் ஊரைச் சேர்ந்த அங்கிள் டுபெலோ குழு, பழைய கன்ட்ரி பாடகர்களான கார்ட்டர் குடும்பம் 1936இல் பதிவுசெய்த பக்திப் பாட்டு ஒன்றை எடுத்து, அதன் பெயரையே 1990இல் தன் முதல் ஆல்பத்துக்கு வைத்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1977இல் பங்க் குழுவாகப் பிறந்த மீகான்ஸ், 1985இல் கன்ட்ரி பக்கம் திரும்பியது. அதன் ஜான் லாங்ஃபர்டு பிறகு சிகாகோவிலேயே குடியேறினார். பிளட்ஷாட் என்ற சிறு நிறுவனம் 1994 முதல் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்த ஆல்பங்களை இங்கிருந்துதான் வெளியிட்டது. மூன்று இசைக்கும் பொதுவான ஒன்று உண்டு: பெரிய பயிற்சி இல்லாதவரும் எடுத்த எடுப்பில் பாட ஆரம்பிக்கலாம். 1977 ஜனவரியில் சைட்பர்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் கையச்சுப் பத்திரிகை, கிதாரில் மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கும் படத்தை வரைந்து, இனி நீ ஒரு குழு தொடங்கு என்று அச்சிட்டது. நாட்டார் பாடகர்களும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் கற்றுவந்திருக்கிறார்கள், அச்சிட்ட படம் மட்டும் இல்லாமல்.

இந்தப் பித்து தலைக்கேறியிருந்த சமயத்தில் ஒரு சிறு மாத இதழிலிருந்து அழைப்பு வந்தது. விமர்சனம் ஒன்றுக்கு 25 டாலர். ஆசிரியர் நல்ல மனிதர், அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. தவறு என்னுடையது. முதல் இதழில் என் பக்கத்தின் அடியில், ஆல்பங்களை அனுப்புங்கள், வரும் ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்பேன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். தபால் நிலையத்தில் ஒரு பெட்டியும் வாடகைக்கு எடுத்தேன். முதல் மாதம் ஒன்பது வந்தன. எல்லாவற்றையும் மூன்று மூன்று முறை கேட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மாதம் குறைவு. ஐந்தாவது மாதத்தில் பெட்டி கொள்ளாமல், தபால் ஊழியர் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். இசைத்தட்டு, குறுந்தகடு, கேசட், பதிவிறக்க எண் எழுதிய துண்டுச் சீட்டு என்று எல்லா வடிவத்திலும் வந்தன.

அந்த வாக்கைக் கொடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஓர் ஆல்பம் சராசரியாக நாற்பது நிமிடம். 340 ஆல்பத்தையும் ஒரே ஒரு முறை கேட்கவே ஏறக்குறைய 227 மணி நேரம் ஆகும். மூன்று முறை கேட்டால் 680 மணி நேரம். வேறு வேலையே பார்க்காமல், முழுநேர உத்தியோகமாக உட்கார்ந்தால்கூடப் பதினேழு வாரம். எழுதும் நேரம் அதற்கு மேல். நான்கு முறை கேட்டு, மூன்று மணி நேரம் எழுதி, ஒரு விமர்சனத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் செலவிட்டேன். மணிக்கு நான்கு டாலர் கூலி. பணத்துக்காக ஒருவரும் இந்த வேலைக்கு வருவதில்லை என்பது சரி. ஆனால் உங்களிடம் ஒரு மாதத்தில் உண்மையாகவே எத்தனை ஓய்ந்த மணி நேரம் இருக்கிறது என்பதை எழுதிப் பாருங்கள். அதை ஆறால் வகுத்து, வரும் எண்ணில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி வந்த எண் மாதத்துக்கு இரண்டு. நான் ஒப்புக்கொண்டது இருபத்து நான்கு.

இவர்கள் ஏன் இவ்வளவு ஆவலாக அனுப்புகிறார்கள் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பெரிய நிறுவனத்தின் பாடகருக்கு என்னைப் போன்றவரின் விமர்சனம் ஒரு பொருட்டே இல்லை. சொந்தமாக வெளியிடுபவரின் நிலைமை வேறு. முந்நூறு இசைத்தட்டு அச்சடிக்க வேண்டுமானால் பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். தட்டு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. அதனால் பேண்ட்கேம்ப் போன்ற இணையதளத்தில் நேரடியாக விற்பதையே பலர் நம்பியிருக்கிறார்கள். அங்கே பதிவிறக்க விற்பனையில் நிறுவனத்தின் பங்கு 15 சதவீதம், தட்டு, சட்டை போன்றவற்றில் 10 சதவீதம். 2020 மார்ச் 20 அன்று, கொரோனாவால் கச்சேரிகள் நின்றுபோனபோது, ஒரு நாள் மட்டும் அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். அதிலிருந்து சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமை அந்த வழக்கம் தொடர்கிறது. அந்த வெள்ளிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நல்ல விமர்சனம் வந்தால் நாற்பது தட்டு கூடுதலாக விற்கும் என்று ஒரு பாடகர் என்னிடம் சொன்னார். நாற்பது தட்டு என்றால் ஒரு மாத வாடகை.

இது தெரியாமல் ஒருவரை நான் கெடுத்தேன். டெக்சாஸிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கன்ட்ரி பாடகர் தன் இரண்டாவது ஆல்பத்தை அனுப்பியிருந்தார். பகலில் கூரை வேயும் வேலை. பெடல் ஸ்டீல் கிதாரை அவ்வளவு அடக்கமாகப் பயன்படுத்திய ஆல்பம் அந்த ஆண்டில் எனக்கு வேறு வரவில்லை. வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சுரம் ஒவ்வொரு வரி முடிந்த பிறகுதான் எழும், பாடியவர் மூச்சு வாங்கும் இடத்தில். கட்டாயம் எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். தன் வண்டியிலேயே நடு மேற்கு மாநிலங்களில் பதினோரு ஊர்களுக்குப் பாடப் போவதாகத் தேதிகளை எழுதி அனுப்பினார். என் விமர்சனம் அச்சில் வந்தபோது அவர் ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிவிட்டது. சில ஊர்களில் எட்டுப் பேர் வந்ததாகவும், என் எழுத்து மிகவும் பிடித்திருந்ததாகவும், பரவாயில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தப் 'பரவாயில்லை'யைப் படித்துவிட்டு அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்றால் முதல் கடிதத்திலேயே இரண்டு தேதி கேளுங்கள்: ஆல்பம் வெளியாகும் நாள், பயணம் தொடங்கும் நாள். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் வேறு ஒருவரைத் தேடிக்கொள்வார்.

வேலை குவிந்ததும் குறுக்கு வழிகள் தானாக வந்தன. ஆல்பத்தோடு வரும் விளம்பரக் குறிப்பைக் கேட்கும் முன்பே படிக்கத் தொடங்கினேன். ஒரு நாட்டார் ஆல்பத்துக்கு நான் எழுதிய விமர்சனத்தையும் வேறு இரண்டு இதழ்களில் வந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மூன்றிலும் ஒரே உவமை, ஒரே வாக்கியம். மூன்று பேரும் அந்தக் குறிப்பிலிருந்து எடுத்திருக்கிறோம். நான் எடுத்தேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை; என் சொந்த வார்த்தை என்றே நம்பி எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து குறிப்பைக் கடைசியில்தான் படிக்கிறேன், அதுவும் பெயர், ஊர், தேதி சரிபார்க்க மட்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் வலித்த விஷயம். கிழக்கு கென்டகியின் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து ஓர் இளம்பெண் ஆல்பம் அனுப்பியிருந்தார். பாஞ்சோவும் குரலும் மட்டும், சமையலறையில் பதிவுசெய்தது. அதில் நான்காவது பாட்டு: ஒருவன் தன் காதலியை ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று மலைக்குள் அழைத்துப் போகிறான், அங்கே புதிதாகத் தோண்டிய குழியும் பக்கத்தில் மண்வெட்டியும் கிடக்கின்றன, முந்தைய இரவு முழுக்க உன் குழியைத்தான் தோண்டினேன் என்கிறான். கேட்டு உறைந்துபோனேன். நாளிதழ்ச் செய்தி ஒன்றை எடுத்து இன்றைய பெண்ணின் கோபத்தோடு இந்தப் பாடகி புனைந்த துணிச்சலான பாட்டு என்று முழுப் பத்தி எழுதினேன். என் எழுத்திலேயே சிறந்த பத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அது 'பிரிட்டி பாலி'. ஆங்கிலேயக் கப்பல் தச்சன் ஒருவனைப் பற்றிய பழைய கொலைப் பாட்டு. அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்கு வந்தபோது கப்பலும் பழிவாங்கும் ஆவியும் பெரும்பாலும் உதிர்ந்துபோய், கொலை மட்டும் மிஞ்சியது. வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளி டாக் பாக்ஸ் 1927இலேயே பாஞ்சோவோடு அதைப் பதிவுசெய்திருக்கிறார். பாஞ்சோ வகுப்புக்கு ஆண்டுக்கணக்கில் போன எனக்கு அது தெரியவில்லை. கைபேசியில் பதிவிறக்கிய கோப்பை பஸ்ஸில் கேட்டுவிட்டு எழுதினேன். குறுந்தகட்டின் பின்னட்டையில் அந்தப் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் 'டிராட்' என்று, மரபுப் பாடல் என்பதன் சுருக்கமாக, அவர் தெளிவாகப் போட்டிருந்தார். அந்தக் குறுந்தகடு பிரிக்கப்படாமல் என் மேசைக்கு அடியில் தொட்டியில் கிடந்தது.

விமர்சனம் வந்த இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து கடிதம். கோபமே இல்லாத கடிதம். தன் பாட்டியின் தோழியிடம் அந்தப் பாட்டைக் கற்றதாகவும், அந்த அம்மையார் இப்போது உயிரோடு இல்லை என்றும், அவருடைய குடும்பத்தார் இந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டுப் பாட்டைத் தான் எழுதியதாகச் சொல்லிக்கொள்கிறாள் என்று வருத்தப்படுவதாகவும் எழுதியிருந்தார். ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டிருந்தார். திருத்தம் வந்தது, இரண்டு இதழ் கழித்து, தீப்பெட்டி அளவில். அந்தக் குடும்பத்துக்கு நானே கையால் ஒரு கடிதம் எழுதி, தவறு முழுக்க என்னுடையது, பாடகி எங்குமே அப்படிச் சொல்லவில்லை என்று விளக்கினேன். பதில் வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் இல்லை. நாட்டார் பாட்டில் யாரிடம் கற்றாய் என்பதுதான் பாடகருக்கு இருக்கும் ஒரே பட்டயம். அதை நான் அழித்துவிட்டேன்.

ஆகவே நாட்டார் ஆல்பம் கையில் வந்தால் முதலில் பின்னட்டையைப் படியுங்கள். மரபுப் பாடல், இசையமைப்பு இன்னார், வரிகள் இன்னார் என்று பாட்டுக்குப் பாட்டு வேறுபடும். கோப்பாக மட்டும் வந்தால் இந்த விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். பாட்டின் முதல் வரியை ரவுட் நாட்டார் பாடல் அட்டவணையில் தேடிப் பாருங்கள். லண்டனின் வாகன் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தில் இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். ஒரே பாட்டின் பல பெயர்களையும் ஒரே எண்ணின் கீழ் கோத்திருப்பார்கள். பிரிட்டி பாலியின் எண் 15. ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்து ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பின் 84 பதிவுகளையும் ஒரு மாதம் ஒதுக்கிக் கேட்டுவிடுங்கள். இன்றைய பாடகர்களில் பாதிப் பேர் அந்தக் கிணற்றில் இறைத்தவர்கள். ஃபோக்வேஸ் தட்டுகளோடு வந்த குறிப்பேடுகளை அமெரிக்க அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் இலவசமாகவே தருகிறது. அவற்றைப் படித்துத்தான் எனக்குப் பாதிப் படிப்பு வந்தது, தாமதமாக. எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. 'இந்தப் பாட்டை எங்கே கற்றீர்கள்?' என்று பாடகரிடமே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். இதுவரை அந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொன்ன நாட்டார் பாடகரை நான் பார்க்கவில்லை.

பங்க் ஆல்பத்தில் வேறு மாதிரித் தவறினேன். சிகாகோவின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் கேசட். பதினோரு பாட்டு, மொத்தமே பத்தொன்பது நிமிடம். குரல் கிதாருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, பதிவில் அக்கறை இல்லை, இன்னும் பொறுமையாகச் செய்திருக்கலாம் என்று எழுதினேன். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. அடுத்த கச்சேரிக்கு வாருங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார்கள். ஒரு வீட்டின் நிலவறையில் கச்சேரி, கையை உயர்த்தினால் கூரை தட்டும். அறுபது பேர் நின்றிருப்போம். முதல் பாட்டின் முதல் வரியிலேயே அந்த அறுபது பேரும் சேர்ந்து பாடினார்கள். பாடகன் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். கேசட்டில் குரல் ஏன் முன்னால் நிற்கவில்லை என்பது அப்போது புரிந்தது. அந்தப் பாட்டுகளில் முன்னால் நிற்பதற்குத் தனி ஆளே கிடையாது. கேட்பவர் பாடுவதற்காக விட்ட இடம் அது. நான் அதைக் குறை என்று எழுதியிருந்தேன். பதிவு சரியில்லை என்று சொல்லும் முன், அப்படி ஒலிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்களா என்று கேட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரு முறையாவது நேரில் கேளுங்கள்.

நேரில் கேளுங்கள் என்று சொல்லும்போதே இதையும் சொல்லியாக வேண்டும். அன்று நான் ஒலிபெருக்கிக்கு நான்கடி தூரத்தில், காதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல், இரண்டு மணி நேரம் நின்றேன். வெளியே வந்தபோது தெருவே பஞ்சுக்குள் பொதிந்தது போல இருந்தது. இரு காதிலும் 'ங்ங்' என்ற ஓசை. கச்சேரி முடிந்தால் இது சகஜம், காலையில் போய்விடும் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். காலையில் இடது காதில் போய்விட்டது. வலது காதில் போகவில்லை. பழைய டியூப் லைட் எரியும்போது கேட்குமே, அந்த ரகம், அதைவிட மெல்லிய, கூர்மையான ஒலி. பகலில் வேலை நெருக்கடியில் மறந்துபோகும். இரவு விளக்கை அணைத்ததும் அது மட்டும்தான் இருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. விமர்சகராக இருந்துகொண்டு காது கெட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது என்ற பயம். மூன்று வாரம் இப்படியே ஓடியது. அதற்குள் இன்னும் இரண்டு கச்சேரிகளுக்கும் போய்விட்டு வந்தேன். ஒரு நாள் மாலை அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் பின்னால் வந்து தோளைத் தொட்டு, 'அம்மா, மூன்று தடவை கூப்பிட்டேன்' என்றாள். ஒன்பது வயது. அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். மறுநாளே செவித்திறன் பரிசோதனைக்குப் போனேன். வரைபடத்தில் வலது காதின் கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பெரும் ஓசையால் வரும் சேதத்தின் அடையாளமே அந்தப் பள்ளம்தான் என்றார் மருத்துவர். உள்காதில் செத்துப்போன மயிர்ச் செல்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அவர் சொன்ன அளவுகளை மனப்பாடம் செய்துகொண்டேன். அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, நல ஆய்வு நிறுவனமான நையாஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 100க்கு வெறும் பதினைந்து நிமிடம். அந்த நிறுவனமே ஐபோனுக்கு இலவச ஒலிமானிச் செயலி ஒன்றைத் தருகிறது. பிறகு ஒரு முறை அதை அதே நிலவறைக்கு எடுத்துப் போனேன், 105ஐத் தொட்டது. அந்த அளவில் ஐந்து நிமிடம் நிற்பதே மிகை. நான் நின்றது இரண்டு மணி நேரம்.

நுரைப்பஞ்சுக் (ஃபோம்) காதடைப்பான் மருந்துக்கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். அதைச் சும்மா காதில் சொருகினால் பயன் இல்லை. விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய திரி போலாக்கி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரிந்து நிரம்பும்வரை விரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். சொந்தக் குரல் உங்களுக்கே குகைக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். பஞ்சு மேல் சுரங்களை அதிகமாக விழுங்கிவிடும் என்பதால் இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான் இருக்கிறது. எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கும். காதின் அச்செடுத்துச் செய்ததற்கு எனக்கு 185 டாலர் ஆனது. ஹெட்போனில் கேட்பவர்களும் ஒலியளவைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள், மணிக்கொரு முறை கழற்றி வையுங்கள். கச்சேரிக்குப் பிறகு இரைச்சல் இரண்டு நாளில் அடங்கவில்லை என்றால் என்னைப் போல மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். காரணம் தெரியாமல் ஒரு காதில் திடீரெனக் கேள்திறன் இறங்கினால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

பணக் கணக்கையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு பிளேயர் 420, ஹெட்போன் 260, தபால் பெட்டி வாடகை 190, கச்சேரி டிக்கெட்டும் வண்டி நிறுத்தும் கட்டணமும் 1,130, காது மருத்துவம் காப்பீடு போக 610, காதடைப்பான் 185, ஒப்பிட்டுக் கேட்பதற்காக வாங்கிய பழைய தட்டுகள் 540. மொத்தம் 3,335 டாலர். 61 விமர்சனத்துக்குக் கிடைத்தது 1,525. இதில் ரெக்கார்டு பிளேயருக்கும் தட்டுகளுக்கும் போனதில் எனக்கு வருத்தமில்லை. பாதிக் கச்சேரிகளுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். காதுச் செலவு முழுக்க ஒரு ஜோடிப் பஞ்சில் தவிர்த்திருக்கக்கூடியது. கணவர் அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் வாய்திறந்தார்: 'ஊரில் உள்ள எல்லோருக்கும் சரி என்கிறாய். வீட்டுக்கு மட்டும் அப்புறம் என்கிறாய்.' நான் பதில் சொல்லவில்லை. அப்போதும் ஹெட்போன் கழுத்தில்தான் இருந்தது.

2025 மார்ச்சில் ஆசிரியரிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். பக்கத்தின் அடியில் இருந்த வாக்கை எடுத்துவிட்டு, மாதம் இரண்டு ஆல்பம் மட்டும் என்று மாற்றினோம். இப்போது ஆல்பம் வந்தால் முதல் முறை எதுவும் எழுதாமல், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். இரண்டாவது முறை நடந்துகொண்டே. மூன்றாவது முறை வரிகளை எதிரில் வைத்து. நான்காவது முறை நான் எழுதியதைப் பக்கத்தில் வைத்து, சொன்னது காதில் விழுகிறதா என்று பார்க்க. விழாத வாக்கியத்தை அடித்துவிடுகிறேன். பிடிக்காத ஆல்பத்துக்கு இடம் ஒதுக்குவதை நிறுத்திவிட்டேன். முந்நூறு தட்டு அடித்தவரை அச்சில் குட்டி எவருக்கும் ஆவது ஒன்றுமில்லை. என் வலது காது இப்படி என்பதை ஆசிரியருக்கும் வாசகருக்கும் சொல்லிவிட்டேன். மேல் சுரங்களைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், பாஞ்சோ வகுப்புத் தோழி ஒருவரையும் கேட்கச் சொல்லி உறுதிசெய்துகொள்கிறேன்.

மிச்சம் 279 ஆல்பங்கள் இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. தினம் பதினான்கு வீதம் இருபது மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதினேன்: உங்கள் ஆல்பம் வந்தது, கேட்பேன் என்று வாக்குக் கொடுத்தேன், என்னால் முடியவில்லை, காத்திருக்க வைத்ததற்கு மன்னியுங்கள், தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் என் செலவில் அனுப்புகிறேன். பதினேழு பேர் திருப்பிக் கேட்டார்கள். கொஞ்சம் பேர் கோபப்பட்டார்கள், நியாயம்தான். அந்த நிலவறைக் குழுவுக்கும் எழுதினேன்; அவர்கள் கேசட்டைப் பற்றி நான் எழுதியது எங்கே பிழை என்பதையும், அன்று இரவு என் காதுக்கு என்ன ஆனது என்பதையும். அவர்கள் எந்த வகையிலும் பொறுப்பில்லை என்றும் சேர்த்து எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வந்தது. மகளின் பள்ளி நிகழ்ச்சி முடிந்து தாமதமாகத்தான் போனேன். நிலவறைப் படி இறங்கும் இடத்தில், டிக்கெட் வாங்கும் மேசையில், காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான்கள். அட்டையில் பேனாவால் 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தது. வாசலில் நின்ற பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான்.